ஒண்ட வந்தவரும் ஊன்றி நின்றவரும்

கொச்சிக்கு ஆங்கிலேயர் இரு முறை வந்தனர். 1635ஆம் ஆண்டில் வந்தபோது போர்த்துகீசியர் நகரில் அவர்கள் வெறும் ஒண்டுக்குடியினர். ஒரு பண்டகசாலையும் கணக்குப் புத்தகங்களுமே அவர்தம் உடைமை. 1795ஆம் ஆண்டில் வந்தபோதோ பீரங்கியோடு வந்தனர். கோட்டை நகரமே அவர்களுடையதாயிற்று. முதல் வருகையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. இரண்டாம் வருகையின் விளைவு கோட்டைக் கொச்சியின் தெருக்களில் இன்றும் கிடக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி, நாம் குடியிருக்கும் மட்டாஞ்சேரி இன்னும் மட்டாஞ்சேரியாகவே நிற்பதன் காரணம் நமக்கு விளங்காது.

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிற்று’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆங்கிலேயர் கதைக்கு இது நன்கு பொருந்தும். ஆயினும் ஒண்ட வந்தவர் எல்லோரும் ஊர்ப் பிடாரியை ஓட்டியவர் அல்லர். மட்டாஞ்சேரியின் பெரும்பகுதி ஒண்ட வந்தவராலேயே ஆனது. யூதர், கொங்கணியர், குசராத்தியர், கச்சு நாட்டு மேமன்கள் என அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழராகிய நாமும் அவ்வரிசையில் வந்து நின்றவர்களே. பிழைக்க வந்த ஊரில் நமக்கு உரிமை என்ன, நம் பிள்ளைகளுக்கு இவ்வூர் யாதாகும் என்னும் கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. அக்கேள்விக்கு விடை தேடுவோர் இவ்வூரில் ஆங்கிலேயர் வந்த கதையை அறிதல் நலம்.

வெள்ளம் திறந்த வாயில்

கொச்சி மிகப் பழைய துறைமுகம் அன்று. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணலால் தூர்த்து, தெற்கே இந்தக் காயல் வாயிலை அகலப்படுத்திற்று என்று வரலாற்றாசிரியர் கூறுவர். முசிறி என்று நம் முன்னோர் போற்றிய துறைக்குரிய வாணிகம் அங்கு மங்கி இங்கு எழுந்தது. பெரும்படப்பு மரபினராகிய கொச்சி மன்னர்களும் 1405ஆம் ஆண்டையொட்டித் தம் தலைமையிடத்தை இங்கு மாற்றிக்கொண்டனர்.

1500ஆம் ஆண்டு இறுதியில் போர்த்துகீசியக் கப்பல்கள் இங்கு வந்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் பகைக்கு அஞ்சியிருந்த கொச்சி மன்னர், புதியவரை வரவேற்றார். 1503இல் கடலோரத்தில் அவர்கள் ஒரு கோட்டை எழுப்பினர். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை அதுவே. அன்று தொடங்கிக் கொச்சி இரண்டாயிற்று. கடல் முகத்தில் மதில் சூழ்ந்த வெள்ளையர் நகரம் ஒன்று; காயல் கரையோரமாகச் சிறிது தூரம் உள்ளே, மன்னரின் மட்டாஞ்சேரி மற்றொன்று.

இவ்விரண்டு ஊர்களின் இயல்பும் வேறு வேறு. மதில் நகருக்குள் வாழ வேண்டுமாயின் மதிலுக்கு உரியவரின் தயவு வேண்டும். மட்டாஞ்சேரியிலோ மன்னர் வணிகரை அழைத்து நிலம் அளித்தார். 1555ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகீசியர் மன்னருக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தனர். அதன் பள்ளியறைச் சுவரில் தீட்டப்பெற்ற இராமாயண ஓவியங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்த அரண்மனைக்கு அணித்தாகவே, 1568இல் யூதர் தம் தொழுகைக் கூடத்தை எழுப்பினர். அரசர் வீட்டுச் சுவரை அடுத்து அயல்நாட்டார் ஆலயம் எழுவது எளிய செய்தி அன்று. கோவாவில் சமயக் கெடுபிடிக்கு அஞ்சி வெளியேறிய கொங்கணியரும் அந்நூற்றாண்டிலேயே இங்குக் குடியேறித் திருமலைத் தேவர்க்குக் கோயில் அமைத்தனர்.

தமிழும் அக்காலத்தே இங்கு வந்துவிட்டது. அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியத் துறவி தமிழில் எழுதிய ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூல் 1579ஆம் ஆண்டில் கொச்சியிலேயே அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் கொல்லத்தில் ஒரு சிறு தமிழ் நூல் அச்சாகியிருந்தது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழே என்னும் பெருமை அவ்விரு நூல்களால் வந்தது. ஆங்கிலேயர் ஒருவர்கூட இவ்வூரில் கடை விரிக்காத காலத்தில், தமிழ் எழுத்து இங்கு ஈயத்தில் வார்க்கப்பெற்று மையில் தோய்ந்தது என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

எட்டு மாதம் காத்திருந்தவர்

கொச்சியைக் கண்டு எழுதிய முதல் ஆங்கிலேயருள் ஒருவர் ரால்பு பிட்சு என்னும் வணிகர். 1583இல் இலண்டனை விட்டுப் புறப்பட்ட அவர், வட இந்தியா, பர்மா, மலாக்கா எங்கும் சுற்றி, 1589ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கு வந்து சேர்ந்தார். ஊர் திரும்பக் கப்பல் வேண்டும். ஆனால் கப்பல் இல்லை. நவம்பர் வரையில் ஏறத்தாழ எட்டு மாதம் இங்கேயே காத்திருந்தார்.

அவர் காத்திருந்த காரணத்தை அறிந்தால், பின்னால் ஆங்கிலேயர் இங்கு வீடு தேடிய காரணமும் விளங்கும். மிளகு இக்கரையில் மார்கழி தொடங்கி மாசி வரையில் பறிக்கப்பெறும். பறித்த மிளகு காய்ந்து சந்தைக்கு வரும்போது விலை மலிவு. வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும், துறைகள் மூடப்பெறும். ஆவணி புரட்டாசிக்குப் பின்னரே ஐரோப்பியக் கப்பல்கள் வந்து நிற்கும். கப்பல் வந்த பிறகு மிளகு தேடினால் விற்பவர் சொன்னதே விலை. ஆகவே அறுவடைக் காலத்தில் விலை பேசி வாங்கி, மழைக்காலம் முழுவதும் நனையாமல் காத்து, கப்பல் வந்ததும் ஏற்றிவிட ஊரிலேயே ஆள் இருத்தல் வேண்டும். அவருக்கு வீடும் அறையும் பூட்டும் வேண்டும்.

இவ்வகை இருப்பிடத்தையே ஆங்கிலேயர் ‘பாக்டரி’ என்றனர். இன்று அச்சொல் தொழிற்சாலையைக் குறிக்கும். அன்று அங்கு எந்தப் பொருளும் செய்யப்பெறவில்லை. ‘பாக்டர்’ என்னும் வணிக முகவர் தங்கி, சரக்கை வாங்கி அடைத்து வைக்கும் இடம் அது. பண்டகசாலை என்னும் நம் சொல் அதற்குப் பொருத்தமானது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நீளமாகப் பின்னோக்கிச் சென்று காயலில் முடியும் பழைய கிட்டங்கிகளைக் கண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இரவல் வீடு

1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றது. 1616இல் கீலிங்கு என்னும் கப்பல் தலைவர் சாமூதிரியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். போர்த்துகீசியரைக் கொடுங்கல்லூரினின்றும் கொச்சியினின்றும் துரத்த ஆங்கிலேயர் துணை நிற்பதென்றும், வென்றால் கொடுங்கல்லூர் சாமூதிரிக்கும் கொச்சி ஆங்கிலேயருக்கும் ஆவதென்றும் அதில் பேச்சு. கொச்சி மன்னரை எவரும் கேட்கவில்லை. பிறன் வீட்டைப் பங்கு போட்டுக்கொண்ட அவ்வுடன்படிக்கை செயலுக்கு வரவில்லை என்பது வேறு கதை.

போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் நெடுநாள் பகைவர். 1622இல் பாரசீகருக்குத் துணை நின்று ஓர்முசுத் தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறிக்க ஆங்கிலேயர் உதவினர். ஆனால் இருவருக்கும் பொதுவான பகை ஒன்று வளர்ந்தது. ஒல்லாந்தர் எனப்பெறும் டச்சுக்காரர் கிழக்குத் தீவுகளின் வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்கி வந்தனர். 1623இல் அம்போய்னாத் தீவில் ஆங்கில வணிகர் பதின்மரை அவர்கள் கொன்றனர். மற்றொருபுறம் கோவாவின் வாயிலையே டச்சுக் கப்பல்கள் மறிக்கத் தொடங்கின. பகைவர்க்குப் பகைவர் நண்பராயினர். 1635ஆம் ஆண்டு சனவரியில் சூரத்திலிருந்த கம்பெனித் தலைவர் வில்லியம் மெத்தோல்டும் கோவாவின் போர்த்துகீசிய அரசப் பிரதிநிதியும் கோவாவில் சமாதானம் செய்துகொண்டனர். போர்த்துகீசியத் துறைகள் ஆங்கிலேயருக்குத் திறந்தன. கொச்சியில் ஆங்கிலக் குடியிருப்பு ஒன்று இவ்வாறே தோன்றியது.

அக்குடியிருப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். நிலம் கொச்சி மன்னருடையது. மதில் போர்த்துகீசியருடையது. கடல் யார் கையில் என்பதோ நாளுக்கு நாள் மாறுவது. இவற்றுள் ஒன்றும் ஆங்கிலேயருடையது அன்று. கோவாவில் எழுதிய ஒரு தாளின் வலிமையில் அவர்கள் இங்கு இருந்தனர். வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு அந்நிலை புதிது அன்று. வீட்டுக்காரர் மாறினால் நம் நிலை யாதோ என்று அஞ்சாத குடித்தனக்காரர் உண்டோ?

வீட்டுக்காரர் மாறினார்

அந்த அச்சம் மெய்யாகும் நாள் வந்தது. 1661 இறுதியில் டச்சுத் தளபதி வான் கோயன்சு கொல்லத்தைப் பிடித்தார். அடுத்த சனவரியில் கொடுங்கல்லூர் வீழ்ந்தது. 1662 பிப்ரவரியில் டச்சுப்படை மட்டாஞ்சேரி அரண்மனையையே தாக்கியது. போர்த்துகீசியர் சார்பில் ஆண்ட அரசியார் சிறைப்பட்டார். இளவரசர் சிலர் மாண்டனர். நாம் ஓவியம் காணச் செல்லும் அந்த வளாகத்தில் அன்று குருதி ஓடிற்று. கோட்டையை மட்டும் அம்முறை பிடிக்க முடியாமல் டச்சுக்காரர் பின்வாங்கினர். அவர்களுக்கு உதவினர் என்று சினந்த போர்த்துகீசியர், யூதர் தெருவைச் சூறையாடித் தொழுகைக் கூடத்துக்குச் சேதம் விளைத்தனர். மட்டாஞ்சேரியில் வாழ்வு எக்காலமும் இனிதாயிருந்தது என்று எவரும் எண்ணற்க. வெள்ளையர் இருவர் மோதியபோது மிதிபட்டது இவ்வூரே.

டச்சுக்காரர் மீண்டும் வந்தனர். 1663 சனவரியில் கோட்டை பணிந்தது. ஆங்கிலேயரும் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் பொன்னானிக்குச் சென்று சாமூதிரியின் எல்லையில் தஞ்சம் புகுந்தனர். 28 ஆண்டுக் குடியிருப்பு அத்துடன் முடிந்தது. இன்று கோட்டைக் கொச்சியில் போர்த்துகீசியர் கட்டிய புனித பிரான்சிசு ஆலயத்தைக் காட்டுவர். 1524இல் இங்கு இறந்த வாசுகோட காமாவை முதலில் புதைத்த இடத்தைக் காட்டுவர். டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுவர். அந்த முதல் ஆங்கிலப் பண்டகசாலையைக் காட்டுவார் இல்லை.

யூதர் நிலையை இதனோடு ஒப்பிடுக. அவர்தம் கூடமும் அப்போரில் சேதமுற்றது. ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கூடத்தைச் செப்பனிட்டனர், பின்னர் 18ஆம் நூற்றாண்டில் சீனத்து ஓடுகளைத் தரையில் பதித்தனர், மணிக்கூண்டும் எழுப்பினர். ஆங்கிலேயர்க்கு இவ்வூர் சரக்கு ஏற்றும் துறை. யூதர்க்கு இது பிள்ளை பெற்று முன்னோரைப் புதைத்த ஊர். ஒரே ஆண்டில் ஒரே புயல் வீசியது. ஒருவர் போயினர், மற்றவர் நின்றனர்.

ஆங்கிலேயர் கற்ற பாடம்

ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சியால் மனம் தளரவில்லை. கொச்சியில் அவர்கள் ஒண்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1639இல், சோழமண்டலக் கரையில் ஒரு மணல் திட்டைத் தாமர்ல வேங்கடாத்திரி நாயகரிடம் பெற்றிருந்தனர். அங்குப் பிறர் மதிலுக்குள் ஒடுங்காமல் தமக்கெனக் கோட்டை கட்டினர். அதுவே நம் சென்னை. மலையாளக் கரையிலும் பின்னர் அவ்வழியையே கைக்கொண்டனர். ஆற்றிங்கல் அரசியாரிடம் இடம் பெற்று 1690களில் அஞ்சுதெங்கில் கோட்டை கட்டினர். தலைச்சேரியிலும் 1708இல் கோட்டை எழுந்தது. மதில் மட்டும் போதும் என்று கருதியதன் பயனையும் அவர்கள் கண்டனர். 1721இல் அஞ்சுதெங்குக் கம்பெனியார் மீது கொதித்தெழுந்த நாட்டு மக்கள், ஆற்றிங்கலுக்குப் பரிசுப் பொருளோடு சென்ற ஆங்கிலேயர் கூட்டத்தை அடியோடு அழித்தனர். சுவர் கட்டுதல் வேறு. அண்டை வீட்டாரோடு வாழ்தல் வேறு.

கொச்சிக் கோட்டையில் டச்சுக்காரர் 132 ஆண்டுகள் இருந்தனர். 1795இல் ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. தப்பி இங்கிலாந்தில் புகலடைந்த ஒல்லாந்தின் தலைவர், தம் நாட்டுக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு அங்கிருந்து கடிதம் விடுத்தார். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் சுபால் அதற்கு இணங்கவில்லை. மேசர் பெட்ரி என்பவர் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1795 அக்டோபரில் கோட்டை சரணடைந்தது. மட்டாஞ்சேரி மன்னரோ அதற்கு முன்னரே, 1791இல், திப்புவின் அச்சம் காரணமாகக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் திறை செலுத்த இசைந்திருந்தார். முதல் ஆண்டுக்கு 70,000 ரூபாய். நான்காம் ஆண்டு முதல் ஒரு லட்சம். ஒண்ட வந்தவர் வீட்டுக்காரரிடமே வாடகை வாங்கத் தொடங்கினார்.

மதில் இல்லாத மதில் தெரு

இனி நடந்ததைச் சொல்ல நமக்கு வருத்தமாயிருக்கிறது. 1802இல் ஐரோப்பாவில் சிறிது காலம் சமாதானம் ஏற்பட்டபோது, போரில் கைப்பற்றிய நாடுகள் பலவற்றை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மீண்டும் ஒரு சமாதானம் வந்தால் கொச்சியும் கை நழுவும் என்று அஞ்சினர். நழுவுவதாயினும், பெறுபவர்க்குப் பயன்படலாகாது என்று துணிந்தனர். 1806இல் கோட்டை மதிலையும், துறைமேடைகளையும், சிறந்த வீடுகள் சிலவற்றையும் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். போர்த்துகீசியர் எழுப்பியதும் டச்சுக்காரர் பண்டகசாலையாக வைத்திருந்ததுமான சாந்தாக் குரூசு பேராலயமும் அவ்வாறே தூளாயிற்று. மூன்று நூற்றாண்டு உழைப்பு சில நாளில் மண்ணாயிற்று.

அஞ்சியது நடந்ததா? இல்லை. 1814 ஆகஸ்டில் இலண்டனில் செய்த உடன்படிக்கையால் கொச்சி ஆங்கிலேயருக்கே நிலையாக உரியதாயிற்று. அதற்கு ஈடாகச் சுமாத்திராவை அடுத்த ஈயத் தீவாகிய பாங்காவை டச்சுக்காரர் பெற்றனர். எட்டு ஆண்டு பொறுத்திருந்தால் இடிக்க வேண்டிய தேவையே இல்லை. தமக்கு இல்லையேல் பிறர்க்கும் வேண்டா என்று எண்ணியவர், இறுதியில் தம் கையாலேயே தகர்த்த ஊரைத் தாமே பெற்றனர்.

கோட்டைக் கொச்சியில் ‘ராம்பார்ட்’ என்னும் பெயருடைய சாலை உண்டு. மதில் என்பது அதன் பொருள். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் மதில் எங்கே என்று கேட்பர். கடற்கரையில் கிடக்கும் சிதைந்த கற்களைக் காட்டலாம். பழைய கொத்தளம் ஒன்றின் மேல் நிற்கும் பங்களாவைக் காட்டலாம். இப்போதைய சாந்தாக் குரூசு ஆலயம் 1905இல் நிறைவெய்தியது. அதன் வளாகத்தின் தென்கிழக்கில் பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்று தனித்து நிற்கிறது. அந்த ஒற்றைத் தூணின் அருகில் சிறிது நேரம் நிற்பது, நூறு பக்கம் படிப்பதற்கு நிகராகும்.

அங்கிருந்து கல்வத்தி வழியாக மட்டாஞ்சேரிக்கு நடந்து வாருங்கள். அரண்மனை நிற்கிறது. யூதர் தெரு நிற்கிறது. கொங்கணியர் கோயிலில் மணி ஒலிக்கிறது. குசராத்தியர் தெருவில் சமணக் கோயிலைப் புறாக்கள் சூழ்கின்றன. பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. மதில் கட்டிக் காத்த நகரில் மதிலே போயிற்று. மதில் இல்லாத ஊரில் யாவும் இருக்கின்றன. இங்கும் காலம் சிலவற்றைக் கொண்டு போகத்தான் செய்தது. 1948இல் இசுரேல் நாடு தோன்றிய பின் யூதர் அநேகமாக அனைவரும் அங்குச் சென்றுவிட்டனர். ஆயினும் அவர்களை எவரும் துரத்தவில்லை. அவர்தம் கூடத்தை எவரும் இடிக்கவில்லை.

இரண்டு அரசும் ஒரு தெருவும்

1814க்குப் பின் இவ்வூர் ஒரு விந்தை நிலையில் இருந்தது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சென்னை மாகாணத்துக்கு உட்பட்டது. அடுத்துக் கிடந்த மட்டாஞ்சேரி கொச்சி மன்னருடையது. ஒரே கடைத்தெருவில் நடந்து சென்றால் ஓர் அரசின் எல்லையைக் கடந்து மற்றோர் அரசுக்குள் நுழையலாம். 1866 நவம்பரில் கோட்டைக் கொச்சி நகராட்சியாயிற்று. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட்டு பிரிசுட்டோ, துறை முகப்பில் கிடந்த மணல் மேட்டை வெட்டி, 1928இல் பெருங்கப்பல் உள்ளே நுழைய வழி செய்தார். அப்பணியைத் தொடங்கியதும் சென்னை அரசே. 1956 நவம்பரில் கேரளம் பிறக்கும் வரையில் கோட்டைக் கொச்சியின் கோப்புகள் சென்னைக்கே சென்றன. 1967 நவம்பரில் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சியாயின.

வெளியில் வெளுத்தவர்கள்

இக்கதையில் நம்மவர் எங்கே என்று கேட்கலாம். கோட்டைக் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதிக்குச் சென்றால் விடை கிடைக்கும். அங்குள்ள தோபிகானாவில் இன்றும் துணி வெளுப்போர் தமிழரே. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் தம் படைவீரர் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டினின்றும் தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்று அக்குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. டச்சுக்காரர்க்குப் பின் ஆங்கிலேயர் உடுப்பும் அவர்கள் கைக்கே வந்தது.

வரிசையாகக் கட்டிய தொட்டிகளில் இடுப்பளவு நின்று கல்லில் அடித்துத் துவைக்கின்றனர். கஞ்சி தோய்க்கின்றனர். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். கவ்வி ஒன்றும் வேண்டுவதில்லை, காற்றும் அதனை அசைத்துவிட முடிவதில்லை. பின்னர்க் கரிப்பெட்டியால் தேய்த்து மடிக்கின்றனர். வீட்டுக்கு வீடு துவைக்கும் பொறி வந்த பிறகும், கஞ்சி போட்ட வெண்துணிக்கு இவர்களை நாடுவோர் இருக்கவே செய்கின்றனர்.

இங்கு நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். இக்குடும்பங்களின் முன்னோர் மன்னர் அழைத்து வந்தவர் அல்லர். கோட்டைக்காரர் வேலைக்கு வந்தவர். வென்றவர் கப்பலுக்குப் பின்னே ஊர்ந்த சிறு படகில் வந்தவர் எனலாம். ஆகவே நாம் தூய விருந்தினர் என்று பெருமை பேச இடமில்லை. ஆனால் வந்த வழி ஒன்று, வாழ்ந்த முறை மற்றொன்று. டச்சுக்காரர் உடுப்புக்கு உரியவர் சென்றனர், ஆங்கிலேயர் உடுப்புக்கு உரியவரும் சென்றனர், வெளுத்தவர் இருக்கின்றனர். அவர்கள் எவர் வீட்டையும் பிடிக்கவில்லை, எதனையும் இடிக்கவில்லை. ஊராரின் அழுக்கைப் போக்கியே ஊரார் ஆயினர். கொச்சியில் ஊன்றி நின்றவர் வரலாற்றை எழுதுவோர் அரண்மனையை எழுதிய கையோடு அந்தத் தொட்டிகளையும் எழுதக் கடவர்.

நாம் செய்ய வேண்டுவது

1635இல் வந்த ஆங்கிலேயர் கணக்குப் புத்தகத்தில் மிளகின் எடையும் விலையும் எழுதினர். அதனால் இன்றும் அவர்கள் கதையை அறிகிறோம். நம்மவர் இங்கு வந்த கதையை எவர் எழுதினார்? பாட்டனார் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து, யார் சொல் கேட்டு, என்ன தொழிலுக்கு இங்கு வந்தார் என்று கேட்டால், நம் வீடுகளில் பாதிப் பேருக்கு விடை தெரிவதில்லை. விடை தெரிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். மதிலை வெடிமருந்து தகர்க்கும்; நினைவைத் தகர்க்க மறதி ஒன்றே போதும்.

ஆகவே நம் சங்கக் குடும்பங்களை ஒன்று வேண்டுகிறோம். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரண்மனையிலிருந்து கடற்கரை வரையிலும், அங்கிருந்து வெளி வரையிலும் நடந்து வாருங்கள். வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்: வந்தவர் பெயர், வந்த ஆண்டு, விட்டு வந்த ஊர், முதன்முதல் இடம் கொடுத்த அண்டை வீட்டார் பெயர். பெரும்பாலும் அந்த நான்காம் பெயர் மலையாளியுடையதாகவோ, கொங்கணியருடையதாகவோ, முசுலிமுடையதாகவோ இருக்கும். நமக்கு இவ்வூரில் உள்ள உரிமைக்குச் சான்று எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், அந்தப் பெயரைக் காட்டுங்கள். கோவாவில் எழுதிய தாள் 28 ஆண்டுகளே செல்லுபடியாயிற்று. அண்டை வீட்டார் திறந்த கதவு மூன்று தலைமுறையாக நமக்குத் திறந்தே இருக்கிறது. நாளை புதிதாக வருவோர்க்கு நம் கதவும் அவ்வாறே திறந்திருத்தல் வேண்டும்.